இரண்டு நாட்டுப் பிரஜை பாராளுமன்றம் போகலாமா?



போரினால் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் தாய்மார் நம்மில் பலர். “அங்கே பிரஜாவுரிமை எடுத்த பிள்ளை இங்கே வந்து தேர்தலில் நிற்கலாமா?” என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள்.

வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பிப் பெறுபவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். விண்ணப்பித்து அனுமதி பெற்றால் இரண்டையும் வைத்திருக்கலாம். இதுவே இரட்டைப் பிரஜாவுரிமை. ஆனால் அப்படிப்பட்டவர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது. 2015 இல் 19ஆவது திருத்தம் இந்தத் தடையைக் கொண்டுவந்தது. சுவிஸ் பிரஜாவுரிமையும் வைத்திருந்த காலி மாவட்ட உறுப்பினர் கீதா குமாரசிங்க 2017 இல் பதவியிழந்தார். 2020 இல் 20ஆவது திருத்தம் தடையை நீக்கியது. அமெரிக்கப் பிரஜாவுரிமையும் கொண்ட பசில் ராஜபக்ஷ 2021 இல் பாராளுமன்றம் வந்து நிதியமைச்சரானார். 2022 இல் 21ஆவது திருத்தம் மீண்டும் தடை விதித்தது. 2024 மே மாதம், பிரித்தானியப் பிரஜையான டயானா கமகே உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் எஹலியகொடப் பகுதியில் இறப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எங்கள் மக்களுக்கு இரண்டு நாட்டு உரிமை ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஒன்றுகூட இல்லாததே பிரச்சினை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு போட்டது. எந்த நாடு வேண்டுமென்று எங்கள் பாட்டிமாரை யார் கேட்டார்கள்? எஞ்சியிருந்தவர்களுக்கும் வழிவிட்ட சட்டம் 2003 இல்தான் வந்தது.

ஆகவே இந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். சட்டம் இயற்றுபவர் அதன் சுமையை நம்மோடு சேர்ந்து சுமக்க வேண்டும். கஷ்டம் வந்தால் விமானம் ஏற இன்னொரு கடவுச்சீட்டு அவரிடம் இருக்கக்கூடாது. ஆனாலும் உயிரைக் காக்க ஓடிப்போய், அடைக்கலம் தந்த நாட்டின் பிரஜையான பெண்ணும், வசதிக்காக அதைப் பெற்றவரும் ஒன்றல்ல. சட்டம் காரணம் கேட்பதில்லை. பாராளுமன்றம் வர விரும்பினால் மற்ற நாட்டு உரிமையை அவள் துறக்க வேண்டும். அது அவளுக்கு எளிதல்ல.

அப்படியானால் அந்த நாற்காலியில் யார் அமர்வது? ஒரே அடையாள அட்டையோடு இங்கேயே இருக்கும் நாம்தான். 2024 நவம்பர் தேர்தலில் பதுளையில் அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவானார்கள். இருவரும் மலையகத் தமிழ்ப் பெண்கள்.

சகோதரிகளே, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டிலோ தமிழ்நாட்டு முகாமிலோ பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிவுசெய்தீர்களா என்று பாருங்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். நம் பாட்டிமாருக்குக் கிடைக்காத வாக்கு அது.