புக்கிட் தாபூர் படம் சூப்பர்தான், ஆனா அங்கே ஏறலாமா?

ஒரு பக்கம் பச்சை கலந்த நீல நிறத்தில் அணை. இன்னொரு பக்கம் தூரத்தில் தீக்குச்சி சைஸில் இரட்டைக் கோபுரம். நடுவில் கத்தி முனை மாதிரி நீளும் வெள்ளைப் பாறை, அதன் நுனியில் கைகளை விரித்தபடி யாரோ ஒருவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் இளைஞர்களில் இந்தப் படத்தைத் தங்கள் ஃபோனில் ஒரு தடவையாவது பார்க்காதவர்கள் குறைவு. "டேய், இது எங்கடா? நாமும் போகலாமா?" என்று கமெண்டில் ஒருவர் கேட்பார். "தாமான் மெலாவாத்தி பக்கம்தான் ப்ரோ, 20 நிமிஷ டிரைவ்" என்று இன்னொருவர் பதில் போடுவார்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் முக்கியமான சில விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு நம் ஊரில் மலையேற்றம் ஒரு பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் அதிகாலை 4.30-க்கு மூன்று பேர் ஒரு காரில் ஏறுவது, கிள்ளானில் இருந்து வரும் நண்பரை வழியில் சேர்த்துக்கொள்வது, இறங்கியதும் ரோத்தி சானாயும் தே தாரிக்கும் என்று அது இப்போது வார இறுதி வழக்கம். நல்ல பழக்கம்தான், அதில் சந்தேகமே இல்லை. பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், அது என்ன மலை?

புக்கிட் தாபூர் என்று நாம் சொல்வது கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் முகட்டின் ஒரு பகுதி. இந்த முகடு 14 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் கொண்டது. உலகின் மிக நீளமான குவார்ட்ஸ் முகடுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். பூமிக்கு அடியில் கருங்கல்லில் ஏற்பட்ட பிளவுக்குள் சிலிக்கா கலந்த சூடான திரவம் ஏறி, மெல்ல மெல்ல இறுகிக் குவார்ட்ஸ் ஆனது. சுற்றியிருந்த கல் மழையிலும் வெயிலிலும் கரைந்து போக, கெட்டியான குவார்ட்ஸ் மட்டும் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது.

இந்தச் சுவரை ஓர் இடத்தில் அறுத்துக்கொண்டு கிள்ளான் ஆறு வெளியே வருகிறது. "கேட்ஸ்" என்ற பெயர் அந்த வாசலால் வந்தது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையும் அங்கேதான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக, கான்கிரீட் கரைகளுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஓடுகிறதே ஓர் ஆறு, அதுவும் இந்த மலை வாசல் வழியாக வந்ததுதான். அப்படியே கிள்ளான் நகரைக் கடந்து கடலில் போய்ச் சேர்கிறது.

வேறு எங்கும் வளராத சில தாவர இனங்கள் இந்த முகட்டில் மட்டும் இருக்கின்றன. மண்ணே இல்லாத பாறை இடுக்கில், கொஞ்சம் ஈரத்தை வைத்துக்கொண்டு வாழும் செடிகள் அவை. செருப்புக் காலால் நாலு மிதி போதும், திரும்ப வளரப் பல வருடம் ஆகும். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான மலேசியாவின் உத்தேசப் பட்டியலில் இந்த முகடு 2017-இல் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு அதே பட்டியலில் நுழைந்த கெப்போங் எஃப்ஆர்ஐஎம் வனப் பூங்கா, 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியத் தலமாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது. முகடு இன்னும் காத்திருக்கிறது.

உயரம் குறைவு, ஆபத்து ஏன் அதிகம்?

கினாபாலு 4,095 மீட்டர். புக்கிட் தாபூர் சுமார் 400 மீட்டர்தான். ஏமாறுவது இங்கேதான். "சின்ன மலைதானே" என்று ஓட்டப் பந்தயக் காலணியில், ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பிவிடுகிறோம். முகட்டின் மேலே போனால் சில இடங்களில் நடப்பதற்கு ஒரு ஆள் அகலம்கூட இருக்காது. இரு பக்கமும் செங்குத்துச் சரிவு. குவார்ட்ஸ் காய்ந்திருந்தால் கூராக இருக்கும், நனைந்தால் வழுக்கும். இங்கே விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். தீயணைப்பு மீட்புத் துறையினர் கயிற்றோடு மேலே போய் ஆட்களை இறக்கிய சம்பவங்களும் பல. வனத்துறை இந்தப் பாதைகளை மூடியதும், மூடிய பிறகும் ஆட்கள் பின் வழியாக ஏறிப் பிடிபட்டதும் நாம் திரும்பத் திரும்ப வாசிக்கும் செய்தி.

இதில் புகைப்படத்தின் பங்கு என்ன? "செல்ஃபி மோகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது பெரியவர்களுக்கு வசதி. எனக்கு அந்த விளக்கம் போதாது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், விஷயம் வெளிச்சத்தில் இருக்கிறது.

நிலக்காட்சிப் படம் எடுப்பவர்களுக்கு மதிய வெயில் ஆகாது. சூரியன் எழும் அரை மணி நேரமும் மறையும் அரை மணி நேரமும்தான் வேண்டும். நம் ஊரில் சூரியன் எழுவதும் மறைவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில்தான். (1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால் இந்தத் தாமதம்.) சூரிய உதயத்தை மேலே நின்று பிடிக்க வேண்டும் என்றால் முழு இருட்டில் ஏற வேண்டும். அந்தி வெளிச்சம் வேண்டும் என்றால் முழு இருட்டில் இறங்க வேண்டும். காட்டுக்குள் மரங்களின் நிழலில் 6.30-க்கே பாதை மங்கிவிடும். நம் பக்கம் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டிக்கொண்டு வரும், அதாவது அந்திப் படத்துக்காக நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில். படம் அழகாக வரும் நேரமும் மலை மோசமாக இருக்கும் நேரமும் ஒன்றாகிப் போகின்றன. இது யாருடைய திமிரும் இல்லை, கடிகாரக் கணக்கு.

அடுத்தது ஃபிரேம். படத்தில் நிற்பவருக்குப் பின்னால் பள்ளம் தெரிந்தால்தான் "வாவ்". அதற்கு அவர் விளிம்புக்குப் போக வேண்டும், எடுப்பவர் கேமராத் திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர வேண்டும். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கும்போது உலகம் முழுவதும் 259 பேர் இறந்ததாக இந்திய மருத்துவர்கள் செய்தித் தகவல்களைத் திரட்டி 2018-இல் ஓர் ஆய்வில் சொன்னார்கள். அதில் முதலிடம் நீரில் மூழ்குவதற்கு, உயரத்தில் இருந்து விழுவதும் முன்வரிசையில் இருந்தது. அதிக மரணங்கள் இந்தியாவில். இது செய்தியில் வந்ததை மட்டும் எண்ணிய கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

பெர்மிட் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

பலருக்குத் தெரியாதது இது. சிலாங்கூரில் நாம் ஏறும் பல மலைகள் நிரந்தர வனக் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே நுழைய மாநில வனத்துறையின் அனுமதி தேவை. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம், பிரிவு 47-இன் கீழ், அனுமதி இல்லாமல் மூடப்பட்ட காட்டுக்குள் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆபத்து அதிகமான மலைகளுக்கு 'மலிம் குனுங்' எனப்படும் பதிவு பெற்ற வழிகாட்டியும் கூட வர வேண்டும்.

"யாரும் செக் பண்ணுறது இல்லையே" என்பது நிஜம்தான், பல நாள்களில் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் பெர்மிட்டின் பயன் வாசலில் முடிவதில்லை. உங்கள் பெயரும் எத்தனை பேர், எந்தப் பாதை என்ற விவரமும் ஓரிடத்தில் பதிவாகிறது. இரவு 9 மணிக்கு நீங்கள் இறங்கவில்லை என்றால் தேடுபவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான். அனுமதி இல்லாமல் போனவர், வழி தப்பினாலும் 999-ஐ அழைக்கத் தயங்குகிறார், அபராதம் வருமே என்று. அந்தத் தயக்கம் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

டிரோன் கொண்டு போகிறவர்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் பறக்கவிட முடியாது. விமான நிலையங்களை ஒட்டிய வான்வெளியிலும் கூடாது. இவற்றைக் கவனிப்பது மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையம். வானில் இருந்து படம் எடுப்பதற்கு நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெமின் அனுமதி தனி. அந்த "மேலே இருந்து எடுத்த" ரீல்களில் எத்தனை பேர் இதையெல்லாம் செய்திருப்பார்கள் என்பது உங்கள் ஊகத்துக்கு.

விதி மட்டும் போதுமா?

பாத்தாங் காலி அப்படி இல்லை என்று காட்டியது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, கெந்திங் போகும் சாலையோரத்தில் ஓர் இயற்கைப் பண்ணையின் முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அவர்கள் யாரும் விளிம்பில் நின்று படம் எடுக்கவில்லை. பள்ளி விடுமுறையில் பணம் கட்டி, கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்று அமைச்சு பிறகு சொன்னது. ஓர் இடம் இணையத்தில் அழகாக இருக்கிறது, புக்கிங் எடுக்கிறது, ஆயிரம் பேர் போய் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மலைச்சரிவைப் பற்றி எதையும் சொல்லாது. வாடிக்கையாளர் உரிமத்தைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. கேட்க வேண்டியது ஊராட்சி மன்றம்.

தமிழ்நாட்டிலும் இதே பாடத்தைத் துயரத்தில்தான் கற்றார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முறையான அனுமதி இல்லாமல் போன பயணம் அது. அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கென விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்திலேயே பதிவு செய்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்து நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது. தடை போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதைவிட, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் காட்டுவது நல்ல வழி. சிலாங்கூரில் எது திறப்பு, எது மூடல் என்று தெரிந்துகொள்ள இன்னும் நாம் யாராவது ஒரு நண்பருக்கு வாட்ஸ்அப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மலை உச்சிப் படம் என்றால் நம்மவர்களுக்கு இன்னொரு நினைவும் வர வேண்டும். 1997 மே 23 அன்று எவரெஸ்ட்டில் கால் வைத்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். இரண்டு தமிழர்கள். அங்கே உச்சியில் எடுத்த படம் வெறும் ஞாபகத்துக்கு இல்லை, ஏறியதற்குச் சான்று. அந்தச் சான்றையும் கெடுக்க ஆள் இருந்தார்கள். 2016-இல் புனேயைச் சேர்ந்த காவல்துறைத் தம்பதி ஒருவர் வேறொருவரின் உச்சிப் படத்தில் தங்களை ஒட்டிச் சான்றிதழ் வாங்கியது தெரிய வந்து, நேப்பாளம் அவர்களுக்கு 10 ஆண்டு தடை போட்டது. ஒரு படத்துக்காக இவ்வளவு தூரமா என்று கேட்டால், ஆமாம், அதற்கும் மேலே போனவர்கள் கினாபாலுவில் உண்டு. 2015 மே மாதக் கடைசியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்தார்கள். கடசான்டூசுன் மக்களுக்கு அது முன்னோர் உறையும் புனித மலை. சில நாள்களில், ஜூன் 5-ஆம் தேதி, நில நடுக்கம் வந்து மலையில் 18 பேர் இறந்தார்கள். தங்கள் குழுவைக் காப்பாற்றப் போராடிய வழிகாட்டிகளும் அதில் அடக்கம். நில நடுக்கத்துக்கும் அந்தப் படத்துக்கும் அறிவியல் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களின் கோபம் ஏன் அவ்வளவு பெரிதாக வெடித்தது என்பது புரியாத விஷயமும் இல்லை. நால்வருக்கு 3 நாள் சிறையும் ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டது.

சரி, இந்தச் சனிக்கிழமை போகணும்னா?

முதலில் மலையின் பெயரோடு சேர்த்து மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள், திறந்திருக்கிறதா, பெர்மிட் வேண்டுமா என்று. கூகளில் பழைய பிளாக் பதிவு "ஓப்பன்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, ஃபோன் டார்ச் கணக்கில் வராது. வீட்டில் ஒருவரிடம் எந்த மலை, எத்தனை மணிக்குள் இறங்குவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அம்மாவிடம் சொன்னால் திட்டு விழும் என்றால் அண்ணனிடமாவது. ஆற்றோரமோ அருவியோ என்றால் மேலே மழை பெய்கிறதா என்று பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே 'கெபாலா ஆயர்' எனப்படும் திடீர் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலோ கேமராவை எடுக்க நினைக்காமல் கரையேறுங்கள்.

இன்னொன்று, படம் எடுப்பவர்களுக்கு மட்டும். குவார்ட்ஸ் முகட்டின் மேல் நின்றால் முகடு உங்கள் காலுக்குக் கீழே போய்விடும், அதன் முழு உருவம் படத்தில் வராது. அந்த நீண்ட வெள்ளைச் சுவர் முழுதாக வேண்டும் என்றால் தாமான் மெலாவாத்தி பக்கத்துச் சாலையில் இருந்து, காலை 8 மணி வெயிலில், கொஞ்சம் நீளமான லென்ஸ் போட்டுப் பாருங்கள். பெர்மிட் தேவையில்லை. பார்க்கிங்தான் கஷ்டம்.