லைலாக்கும் அக்டோபர்க் கத்தரியும்

பாஸ்டன் நகருக்கு வெளியே நாங்கள் வாங்கிய வீட்டின் சமையலறைச் சன்னலை ஒட்டி ஒரு பழைய லைலாக் புதர் நின்றது. வீட்டை விற்ற மூதாட்டி சாவியைக் கொடுக்கையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மே மாதத்தில் ஒருநாள் வந்து அந்தப் பூவைப் பார்த்துவிட்டுப் போகலாமா? தாராளமாக வாருங்கள் என்றோம்.

அக்டோபரில் தெரு முழுவதும் தோட்டங்களைத் துப்புரவு செய்தது. நாங்களும் கோணல்மாணலாக நீண்டிருந்த புதரைப் பந்துபோல வெட்டி நிறுத்தினோம். அதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை. ஊரில் குண்டுமல்லியைக் கார்த்திகையில் ஒட்ட வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெட்டினால்தான் புதுத்துளிர் வரும், துளிரில்தான் பூ வரும். தாவரவியலாளர்கள் மல்லிகையையும் லைலாக்கையும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை வேறு எங்கோ படித்திருந்தோம். அரைகுறை அறிவுக்குத் துணிச்சல் அதிகம்.

மே மாதம் அவர் வந்தார். தளதளவென்று இலை, ஒரு கொத்துகூடப் பூவில்லை. கிளை நுனி ஒன்றைத் தொட்டுப் பார்த்து, “இலையுதிர்காலத்தில் வெட்டினீர்களா?” என்றார். பிறகு தேநீர் அருந்திவிட்டுப் போனார்.

லைலாக் சென்ற ஆண்டுக் கிளையில் பூப்பது. இவ்வாண்டுப் பூ வாடிய சில வாரங்களில், கோடையிலேயே, அடுத்த ஆண்டுக்கான மொட்டு கிளை நுனியில் உருவாகிவிடுகிறது. பனிக்காலம் முழுவதும் குளிரில் உறங்கி, வசந்தத்தில் அது விழிக்கிறது. அக்டோபரில் நாங்கள் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பியது அந்த மொட்டுகளைத்தான்.

எனவே எங்கள் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். இலையுதிர்காலத் துப்புரவிலிருந்து லைலாக்குக்கு விலக்கு அளியுங்கள். கூலிக்கு வரும் தோட்டக்காரரிடமும் சொல்லிவையுங்கள். கவாத்து செய்வதானால் பூ வாடியவுடன், ஜூன் நடுவுக்குள். அப்போதும் பந்து வேண்டாம். தடித்து முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒன்றைத் தரையோடு அறுத்துவிட்டு, அடியில் கிளம்பும் கன்றுகளில் வலுவான சிலவற்றை விட்டுவையுங்கள். இப்படி மூன்று ஆண்டுகள் செய்தால் புதர் புதிதாகிவிடும். ஆறு மணி நேர வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். புளித்த மண்ணானால் சிறிது சுண்ணாம்பு. புல்தரைக்கு இடும் தழைச்சத்து உரம் அதன் வேருக்குப் போனால் இலைதான் மிகும். ஆகஸ்டில் படியும் சாம்பல் நோய் பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை.

இருவாரப் பூவுக்காக ஆண்டு முழுவதும் ஓர் ஒழுங்கற்ற புதரைச் சகிப்பதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கோடையில் மறுபடி பூக்கும் ரகங்களையும் சிபாரிசு செய்கிறார்கள். எங்கள் மனம் அவற்றில் ஒட்டவில்லை. பிரான்சின் நான்சி நகரில் 1870 வாக்கில் விக்டர் லெமுவான் லைலாக்கைக் கலப்பினம் செய்யத் தொடங்கியபோது அவருடைய பார்வை மங்கியிருந்தது. அவர் மனைவிதான் ஏணியில் ஏறி, பூப்பூவாக மகரந்தம் சேர்த்தார். அந்த விதை முளைத்து முதற்பூ காணச் சில ஆண்டுகள் ஆகும். இன்று நாம் காணும் அடுக்கு லைலாக்குகளில் பல அவர்கள் வீட்டிலிருந்து வந்தவை. பாஸ்டனின் ஆர்னால்ட் தாவரப் பூங்காவில் 1908-இல் தொடங்கிய லைலாக் ஞாயிறுக்கு மே மாதத்தில் திரளும் கூட்டத்தைப் பார்த்தால், இரு வாரம் குறைவென்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. லைலாக் என்ற பெயரே பாரசீகம் வழியாக வந்த நம் ‘நீலம்’தான் என்பதை அங்குள்ள நிழலில் நின்று நினைத்துக்கொள்வது எங்களுக்கு ஒரு சிறு செருக்கு.

அடுத்த அக்டோபரில் கத்தரியைத் தொடவில்லை. மே மாதம் ஏழு கொத்துகள் பூத்தன. ஒன்றையும் பறிக்காமல் வைத்திருந்து மூதாட்டியை அழைத்தோம். அவர் வந்து முகர்ந்து பார்த்தார். விட்டால் விதை கட்டிவிடும் என்று சொல்லி, ஆறு கொத்துகளைத் தாமே வெட்டி எடுத்துக்கொண்டு போனார்.