பேர் பெற்ற ஏஜென்சியா, நேரத்துக்கு விடும் வேலையா?
விளம்பரத் துறையில் வேலை மாறுவோர் குறித்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து கிளம்பி, பெங்களூரிலும் சென்னையிலும் விளம்பரம் எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், வீடியோ வெட்டித் தொகுக்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது இந்தக் கூட்டமைப்பு. வேலை மாறும் நேரத்தில் உறுப்பினர்கள் இங்கே கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, கேன்ஸ் விளம்பர விழா வரை போய் விருது வாங்கிய ஏஜென்சி. அங்கே நள்ளிரவுக்கு முன் விளக்கு அணையாது. மற்றது, வெளியில் யாருக்கும் பேர் தெரியாத சின்ன இடம், அல்லது ஏதோ ஒரு கம்பெனிக்குள் இயங்கும் விளம்பரப் பிரிவு. ஆறரைக்குக் கிளம்பிவிடலாம், சனிக்கிழமை லீவு. எதில் சேர்வது?

கூட்டமைப்பின் நிலைப்பாடு இது: வேலை நேரத்தை வெளிப்படையாகச் சொல்லாத இடத்தில், அது எத்தனை பெரிய பேராக இருந்தாலும், சேரக் கூடாது. பேருக்காகத்தான் போவது என்றால், செய்த வேலைக்குத் தன் பெயரில் கிரெடிட் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லையென்றால் நேரத்துக்கு விடும் வேலையே மேல்.

பேருக்கு மதிப்பே கிடையாது என்று கூட்டமைப்பு சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைவாக, 68.5 சதவீதமாக இருந்த மாவட்டம் தருமபுரி. இங்கிருந்து போகிறவர்களில் பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். யாரைத் தெரியும், எங்கே படித்தாய், எப்படி ஆங்கிலம் பேசுகிறாய் என்பதைப் பார்த்துக் கதவு திறக்கும் துறையில், தெரிந்த ஏஜென்சியின் பேர் ஒன்று பயோடேட்டாவில் இருந்தால் சிபாரிசு இல்லாத குறை கொஞ்சம் தீரும். அப்பாவுக்கு மும்பையில் நண்பர்கள் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பேர் தேவைப்படாமல் இருக்கலாம். இவர்களுக்குத் தேவை.

ஆனால் அந்தப் பேர் எத்தனை நாள் நிற்கும்? 1864-இல் தொடங்கிய ஜே. வால்டர் தாம்ப்சன் ஏஜென்சியில் வேலை பார்த்தேன் என்று சொல்வது ஒரு காலத்தில் பெரிய கௌரவம். 2018-இல் அது வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பேரே பலகையிலிருந்து போய்விட்டது. 2025 இறுதியில் ஆம்னிகாம் விளம்பரக் குழுமம் இன்டர்பப்ளிக் குழுமத்தை வாங்கி முடித்த கையோடு, எஃப்.சி.பி., மல்லன்லோ போன்ற உலகப் பெயர்களுக்கு விடை கொடுப்பதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கானோரின் வேலையும் அதோடு போனது. அந்தப் பெயர்களுக்காக ராத்திரி கண் விழித்தவர்களிடம் மிஞ்சியிருப்பது, தாங்களே செய்தது என்று காட்ட முடிகிற வேலை மட்டும்தான்.

விருதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. 2013 மார்ச்சில் ஃபோர்டு ஃபிகோ காருக்கென்று ஓர் ஏஜென்சி செய்த சில போஸ்டர்கள் இணையத்தில் வெளியாகின. கைகால் கட்டப்பட்ட பெண்கள் காரின் டிக்கியில் கிடப்பது போன்ற படங்கள் அவை. மறைமலை நகரில் அந்தக் காரைத் தயாரித்த ஃபோர்டு அந்த விளம்பரங்களைக் கேட்கவே இல்லை. காசு கொடுத்து எங்கும் வெளியிடுவதற்காகவும் அவை செய்யப்படவில்லை. ஃபோர்டும் அந்த ஏஜென்சியின் தாய் நிறுவனமும் மன்னிப்புக் கேட்டன, ஏஜென்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள் பதவி இழந்தார்கள். 2025-இல் பிரேசில் ஏஜென்சி ஒன்று கேன்ஸில் வாங்கிய உயர்ந்த விருதான கிராண்ட் பிரீயைத் திருப்பிக் கொடுத்தது. விருதுக்கு அனுப்பிய வீடியோவில் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய காட்சிகள் இருந்தது தெரியவந்ததே காரணம். விருதுக்கென்றே செய்யப்படும் இத்தகைய வேலை பெரும்பாலும் அன்றாட வேலை முடிந்த பிறகு, இரவில்தான் நடக்கிறது. அந்த இரவுகள் ஜூனியர்களுடையவை. விருது மேடையில் ஏறுவது அவர்கள் இல்லை.

இப்படி நேரம் பாராமல் உழைப்பதற்குக் கொடுக்கப்படும் விலை உலகம் அறிந்தது. ஜப்பானின் டென்ட்சு விளம்பர நிறுவனத்தில் 24 வயது ஊழியர் ஒருவர் 2015 கிறிஸ்துமஸ் நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே மாதத்தில் 100 மணி நேரத்துக்கும் மேல் கூடுதல் வேலை பார்த்திருந்தார். அது மிகைவேலையால் நேர்ந்த மரணம் என்று 2016-இல் அரசே ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென். ஒரு விளம்பரப் பட ஷூட்டிங்கின் சாப்பாட்டுச் செலவுக்குக்கூட அது காணாது. 2013-இல் ஜகார்த்தாவில் ஓர் இளம் காப்பிரைட்டர், 30 மணி நேரமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பதாக ட்விட்டரில் உற்சாகமாக எழுதினார். அதன் பிறகு மயங்கி விழுந்து, இறந்துபோனார்.

இங்கே அந்த அளவுக்குப் போகாமல் வாரா வாரம் நடப்பது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கிளையண்டிடமிருந்து பிரீஃப் வரும். திங்கள் காலை பிட்ச். பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனாலும் அந்த வாரம் ஊருக்குப் போக முடியாது. ஞாயிறு மதியம் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, ‘சின்ன சேஞ்ச்தான்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்து விழும். மாங்காய் இறக்குகிற வாரம், ஆடிப்பெருக்கு, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டிய நாள் என்று விட்டுப்போனவை வேலை உத்தரவில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சிக்கல்: ஹாஸ்டல் கேட் பத்து மணிக்குப் பூட்டப்பட்டுவிடும்.

சம்பளத்தையும் மணிக்கணக்கில் போட்டுப் பார்க்கக் கூட்டமைப்பு சொல்கிறது. எடுத்துக்காட்டாக, ஓர் இடத்தில் மாதம் 40,000 ரூபாய், 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம். இன்னோர் இடத்தில் 55,000 ரூபாய், அதே 26 நாள், நாளுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். முதலாவதில் மணிக்கு ஏறத்தாழ 192 ரூபாய் கிடைக்கிறது, இரண்டாவதில் 169 ரூபாய்தான். 15,000 ரூபாய் அதிகம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, உழைப்பைக் குறைந்த விலைக்கு விற்றிருக்கிறோம்.

சட்டம் இதில் வாய்மூடி இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டுகிறது. அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புக் கூலி. கர்நாடகத்தின் 1961 சட்டத்தில் நாளுக்கு 9, வாரத்துக்கு 48. இரண்டு சட்டத்திலும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே சேர்ந்த முதல் வருடமே பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ என்று வந்தால் மகிழ்வதற்கு முன், ஏன் என்று கேட்க வேண்டும். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அதே 12 மணி நேரம் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ‘பேஷன்’ (தொழில் மீதான பேரார்வம்) என்ற பேரில் நடக்கும்போது கேட்பாரில்லை. இதைக் கூட்டமைப்பு ஏற்கவில்லை.

நிறுவனங்களிடம் கேட்பது அதிகமில்லை. பிட்ச்சுக்காக வேலை பார்த்த சனி, ஞாயிறுக்கு மாற்று விடுப்பு, இரவு ஒன்பதுக்கு மேல் வீடு சேர வண்டி, விருதுக்கு அனுப்பும் பட்டியலில் உழைத்த ஜூனியரின் பெயர் ஆகிய மூன்றும் வேலை உத்தரவிலேயே இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில், வீட்டுப் பொறுப்பு தலைக்கு வராத நிலையில், பெரிய இடத்தில் தொழில் கற்க ஆசைப்படுகிறவரைக் கூட்டமைப்பு தடுக்காது. இரண்டு வருடம் என்று முதலிலேயே முடிவு செய்து, காட்டத்தக்க வேலையைச் சேர்த்துக்கொண்டு வெளியே வரட்டும். வீட்டில் கடனும் தங்கையின் படிப்பும் இருக்கிறவரோ, உடம்பு ஏற்கெனவே எச்சரித்தவரோ விருதை நம்பி, கையில் இருக்கிற வேலையை விட வேண்டாம்.

இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள்: போன வெள்ளிக்கிழமை டீம் எத்தனை மணிக்குக் கிளம்பியது? போன மாதம் எத்தனை சனிக்கிழமை வேலை? இந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? மாவட்டத்துக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளும், வளாகத்துக்கு வரும் நிறுவனங்களிடம் சம்பளத்தோடு வேலை நேரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வேலை உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன், துறையில் பத்து வருடம் இருந்த உறுப்பினர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்; உடன் உட்கார்ந்து படித்துச் சொல்லக் கூட்டமைப்பில் ஆள் இருக்கிறார்கள்.