பியான்சே விருந்தாளி அல்ல

பியான்சேவின் ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பம் 2024 மார்ச் 29 அன்று வெளிவந்தது. அன்றிலிருந்து ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது. கன்ட்ரி அமெரிக்க வெள்ளையர்களின் இசை, ஒரு பாப் பாடகி ஒரு மாறுதலுக்காகக் கௌபாய் தொப்பியை மாட்டிக்கொண்டு அங்கே போய் வந்திருக்கிறார், எல்லாம் விற்பனைக்கான வேஷம் என்கிறார்கள். பியான்சேவைப் பிடிக்காதவர்கள் இப்படிப் பேசினால் ஆச்சரியமில்லை. ஆல்பத்தைப் புகழ்கிறவர்களும் ‘அடுத்தவர் எல்லைக்குள் துணிந்து நுழைந்துவிட்டார்’ என்றுதான் புகழ்கிறார்கள். அது அடுத்தவர் எல்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது?

ஆல்பத்தில் உள்ள ‘டெக்சஸ் ஹோல்ட் எம்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். முதலில் பாஞ்சோ வருகிறது. நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி, கட்டைவிரலால் குட்டைத் தந்தியை மீட்டும் பழைய பாணி. வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ். பாஞ்சோவில் கறுப்பின மக்களுக்கு இருக்கும் பங்கை மீட்டெடுப்பதையே தன் வேலையாகக் கொண்ட கலைஞர். ஸ்டூடியோவில் பாஞ்சோ வாசிக்க ஆளுக்கா பஞ்சம்? தேடிப்போய் அவரை அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தித் தந்தி கட்டிய மேற்கு ஆப்பிரிக்க வாத்தியங்களின் வழிவந்ததுதான் பாஞ்சோ. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அதை உருவாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைகளின் வழியாகத்தான் அது வெள்ளையர் மத்தியில் பரவியது.

பிறகு எப்படிக் கன்ட்ரி வெள்ளையர் சொத்தானது? ரெக்கார்டு கம்பெனிகள் செய்த வேலை அது. தெற்கு மாநிலங்களில் கறுப்பர், வெள்ளையர் இரு தரப்பும் ஃபிடிலும் பாஞ்சோவும் வாசித்தார்கள், மெட்டுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. 1920களில் கம்பெனிகள் வியாபார வசதிக்காக இரண்டு பட்டியல் போட்டன. கறுப்பர் பாடினால் ‘ரேஸ் ரெக்கார்டு’. வெள்ளையர் பாடினால் ‘ஹில்பில்லி’. இந்த இரண்டாவது பட்டியலுக்குத்தான் பின்னாளில் கன்ட்ரி என்று பெயர் வந்தது. பட்டியல் போட்டவர்களின் கணக்கை இன்று நாம் இசையின் இயல்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலுக்குள் அடங்காத மனிதர்கள் இருந்தார்கள். பியான்சேவின் புகுந்த வீட்டுப் பெயர் கார்ட்டர். கன்ட்ரியின் முதல் குடும்பம் என்று கொண்டாடப்படும் கார்ட்டர் குடும்பத்தின் பெயரும் அதுதான். அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிதார் கலைஞர். மெட்டுகளை மனதில் பதித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். மேபெல் கார்ட்டர் அவரிடமிருந்து கிதார் நுணுக்கங்களைக் கற்றார். கன்ட்ரி நட்சத்திரம் ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் பெய்னும் கறுப்பர். நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி மேடைக்கு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பெயர் விழுந்ததே 1927இல் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞரின் மவுத் ஆர்கன் வாசிப்பை ஒட்டித்தான். 1941இல் அதே மேடை அவரை வெளியே அனுப்பியது.

இதெல்லாம் தெரிந்துதான் ஆல்பம் செய்திருக்கிறார்கள். ‘ஸ்மோக் அவர்’ என்று ஒரு சின்னத் துண்டு வருகிறது. கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் வானொலி அறிவிப்பாளராகப் பேசத் தொடங்குமுன், ரேடியோ முள் ஒவ்வொரு நிலையமாக நகர்கிறது. சன் ஹவுஸ், சிஸ்டர் ரொசெட்டா தார்ப், சக் பெர்ரி என்று கறுப்பினக் கலைஞர்களின் குரல்கள் இரைச்சலுக்கு நடுவே வந்து மறைகின்றன. அங்கே ஒலிக்கும் பெர்ரியின் பாட்டு, 1955இல் வந்த ‘மேபலீன்’, ‘ஐடா ரெட்’ என்ற பழைய ஃபிடில் மெட்டிலிருந்து பிறந்தது. ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவையும் வைக்கிறவரா வேஷம் போடுகிறார்? ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெல். ஆண்டு 1969. அடுத்த வருடம் அவர் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியின் பெயர் ‘பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்’, அடிமைகள் உழைத்த தோட்டத்தின் பெயர். விற்பனை ஒன்றே குறியாக இருந்தால், உலகம் மறந்துவிட்ட அவரை 82 வயதில் தேடிப்போய் இந்த ஆல்பத்தில் பேச வைப்பானேன்?

‘ரசிகர் பேச்சில் நிதானம் ஏது’ என்பார்கள். ரசிகருக்குத்தான் குறை முதலில் உறைக்கும். இந்த ஆல்பத்தில் வரும் ‘ஜோலீன்’ எனக்கு ஒப்பவில்லை. டாலி பார்ட்டனின் மூலப் பாட்டில் ஒரு பெண் தோற்றுவிடுவோமோ என்று பயந்து கெஞ்சுகிறாள், அந்தப் பயம்தான் பாட்டின் உயிர். பியான்சே அதை மிரட்டலாக மாற்றியதும் உயிர் போய்விட்டது. 27 துண்டுகளும் தேவையில்லை. இரண்டாம் பாதியில் சிலவற்றை வெட்டியிருக்கலாம். ஆனால் ‘புரொடெக்டர்’ மாதிரி ஒரு தாலாட்டைக் கேட்ட பிறகும் இதை வேஷம் என்பவரோடு எனக்குச் சமரசம் கிடையாது.

பியான்சே ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர் ரோடியோ மேடையில் 2000களிலேயே பாடியவர். 2016இல் கன்ட்ரி இசைச் சங்க விருது விழாவில் ‘டாடி லெசன்ஸ்’ பாடியபோது இவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். எட்டு வருடம் கழித்து 2024இல் அதே விருதுக்கு இந்த ஆல்பம் ஒரு பிரிவில்கூடப் பரிந்துரைக்கப்படவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமி இதைச் சிறந்த கன்ட்ரி ஆல்பமாகவும் ஆண்டின் சிறந்த ஆல்பமாகவும் தேர்ந்தெடுத்தது. விருதால் பியான்சேவுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை.

எனக்குக் கவலை ‘பிளாக்பேர்ட்’ பாட்டில் அவரோடு பாடியவர்களைப் பற்றி. டானர் அடெல், பிரிட்னி ஸ்பென்சர், டியேரா கென்னடி, ரெய்னா ராபர்ட்ஸ் நால்வரும் கன்ட்ரியில் காலூன்றப் போராடும் கறுப்பினப் பெண்கள். ‘டெக்சஸ் ஹோல்ட் எம்’ வந்த புதிதில் ஓக்லஹோமாவில் ஒரு வானொலி நிலையம், கேட்ட நேயரிடம் நாங்கள் கன்ட்ரி நிலையம், பியான்சே பாட்டு போடுவதில்லை என்றது. எதிர்ப்பு குவிந்ததும் போட்டது. நாளை ஒரு நிலையம் இதே காரணத்தைச் சொல்லி பிரிட்னி ஸ்பென்சரின் பாட்டை ஒதுக்கினால் அது செய்திகூட ஆகாது.