ரேம் வாங்கும் முன் அளந்து பாருங்கள்!

காரைக்குடியிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் பல்லவனில் தட்கல் டிக்கெட் எடுக்கக் காலை 11 மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "கம்ப்யூட்டர் ஸ்லோ, கூடுதல் ரேம் போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதை நம்பிப் பணத்தைச் செலவு செய்துவிடுகிறார்கள். அளக்காமல் செலவு செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

அளப்பது எளிது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால், ரேம் வாங்குவதில் தவறில்லை. இல்லையென்றால், பிரவுசரில் எப்12 அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, எப்5 அழுத்துங்கள். முதல் வரியை கிளிக் செய்து 'டைமிங்' பாருங்கள். 'வெயிட்டிங்' என்ற நேரம் அதிகமாக இருந்தால், தாமதம் உங்கள் வீட்டில் இல்லை. பெரும்பாலும் சர்வரில்தான் இருக்கிறது.

இதற்கு ஐஆர்சிடிசி தளமே சாட்சி. 2002ல் இணைய டிக்கெட் தொடங்கிய இத்தளம், 2014ல் புதிய அமைப்புக்கு மாறியது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. யார் வீட்டிலும் ரேம் மாற்றவில்லை. மாறியது சர்வர் பக்கம்தான். அந்நாட்களில் அதன் பக்க முகவரிகள் '.ஜேஎஸ்எப்' என்று முடியும். அது ஜாவா சர்வர் பேசஸ் என்ற ஜாவா வெப் பிரேம்வொர்க்கின் அடையாளம்.

இத்தகைய தளத்தில் தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க உதவுவது 'புரொபைலர்'. செட்டிநாட்டில் பேரேடு என்றால் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கணக்கில் எவ்வளவு போனது என்பது அதில் இருக்கும். புரொபைலர், நேரத்துக்கு எழுதும் பேரேடு. டேட்டாபேஸ் கேள்விக்கு எவ்வளவு, பக்கத்தைத் தயாரிக்க எவ்வளவு என்று தனித்தனியாகப் பற்று வைக்கும். 2018ல் வந்த ஜாவா 11 முதல் 'பிளைட் ரெக்கார்டர்' என்ற புரொபைலர் இலவசமாகவே கிடைக்கிறது. 'விஷுவல்விஎம்' என்ற இலவச மென்பொருளும் உண்டு.

ஜாவாவில் புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள் வீட்டில் இருந்தால், இதை முதல் நாளே இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு பேர் பயன்படுத்தும்போது ஓடும் புரோகிராம், ஆயிரம் பேர் வரும்போது திணறலாம். ஒரே கேள்வியை டேட்டாபேஸிடம் நூறு முறை கேட்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது, பேரேட்டில் தெரியும். ஒரு எச்சரிக்கை: புரொபைலர் காட்டும் விவரங்களை வெளியார் பார்க்கும்படி திறந்து வைக்கக் கூடாது.

பொதுமக்கள் பயன்படுத்தும் தளங்களை உருவாக்குபவர்களுக்கு இது கடமை. அவர்கள் அளக்கத் தவறினால், அதற்கான விலையை ரேம் வாங்கி நாம் கொடுக்க வேண்டியதில்லை.