நாற்காலி கிடைத்தால் போதுமா?

"எங்க பங்குப்பேரவையில நம்ம ஆளுங்க ரெண்டு பேரு இருக்காங்க. கூட்டத்துல நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா முடிவு மட்டும் சாமியார் ரூம்லதான் நடக்குது." இளைஞர் கூட்டம் ஒன்றில் காதில் விழுந்த வார்த்தை இது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமையை மட்டுமே தருகிறது (விதி 536). அடுத்த விதியோ ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே தீர வேண்டும் என்கிறது. பேரவையில் இடம் கேட்டுப் போராடிய நம்மில் எத்தனை பேர் நிதிக்குழுவில் இடம் கேட்டோம்? காசு எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு தெரியாதவனுக்கு என்ன தலைமை வேண்டிக்கிடக்கிறது?

நாம் பங்கு கேட்டது நியாயம். 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணமே, ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறது. எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. இந்தியாவின் முதல் தலித் கர்தினால் வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் சண்டையை நாம் விடப்போவதில்லை.

ஆனால் தோழர்களே, நம் கையில் ஏற்கெனவே இருக்கிற கொஞ்சம் அதிகாரத்தை நாம் என்ன செய்கிறோம்?

நம் தெரு அன்பியத்தைப் பாருங்கள். வீடுவீடாகக் கூப்பிடுவது, செபம் சொல்வது, காணிக்கை சேர்ப்பது, சாவு வீட்டுக்கு முதலில் ஓடுவது எல்லாம் பெண்கள். பேரவைக்கு ஆள் அனுப்பும்போது மட்டும் ஒரு ஆண்பிள்ளை வெள்ளை வேட்டியோடு கிளம்பிவிடுகிறார். பத்து வருசமா அவரேதான். அருந்ததியர் வீட்டிலிருந்தோ புதிரை வண்ணார் வீட்டிலிருந்தோ ஒருவர் பேர் சொன்னால், "அவுங்களுக்கு என்னங்க தெரியும், கணக்கு வழக்கெல்லாம் பாக்கணுமே" என்கிறோம். இதே வார்த்தையைத்தானே ஊர்த்தெருக்காரன் நம் அப்பன் பாட்டனிடம் சொன்னான்? சாதியத்தின் பாடத்தை நாம் ஒப்பிக்கிறோம், அவ்வளவுதான்.

"போராட்ட நேரத்துல தலைமையப் பிரிச்சா பலவீனம்" என்று சொல்வார்கள். உண்மை நேர் எதிரானது. தலைவர் ஒருவர் என்றால் வாங்குவது சுலபம். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, மகளுக்குக் கல்லூரியில் இடம் என்றால் போராட்டம் அன்றைக்கே முடிந்தது. இப்படிப் படுத்துப்போன போராட்டங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விசயம் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தால் யார் யாரை விலைக்கு வாங்குவது?

தலைமை கருவிலே வருவதில்லை, கற்றுக்கொள்வது. ரெண்டு வருசத்துக்கு மேல் ஒரே ஆள் ஒரு பொறுப்பில் இருக்கக் கூடாது. கணக்கைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்கா கேள்வி கேட்டு, அவருக்குப் புரிகிறவரை பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொறுப்பாளரோடும் இன்னொருவர் கூட இருந்து வேலை பழக வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தப்பு நடக்கும். நடக்கட்டும். முதலில் பொறுப்புக்கு வந்தபோது நம்மவர் மட்டும் தப்பே செய்யவில்லையா?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பரட்டை தியோபிலஸ் அப்பாவு 'ஒரே உலை' என்று பேசிவந்தார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும். சரி. பொங்கிய சோற்றை அள்ளிப்போடும் அகப்பை எப்போதும் ஒரே ஆள் கையில் இருந்தால், அது ஒரே உலையா?

ஆயரிடம் பங்கு கேட்கப் போகுமுன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை நாமே கேட்போம். நம் தெருவில் பகிராத அதிகாரத்தை ஆயர் இல்லத்தில் போய்க் கேட்க நமக்கு என்ன முகம் இருக்கிறது?