கூடம் கோணலாயிருந்தால்?

(பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் ஊர்ப் பழமொழி. தன் குறையைப் பிறிதொன்றின் மேல் ஏற்றிச் சொல்வோரை இடித்துரைக்க இதைவிடக் கூர்மையான சொல் இல்லை. ஆயினும் எனக்கு இப்பழமொழியோடு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால், அதை யார் எடுத்துச் சொல்வது? ஆடிப் பழகியவர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு, "உன் கால் சரியாகத்தான் இருக்கிறது மகளே, தரைதான் மேடுபள்ளம்" என்று சொல்ல ஒரு தாய் இருப்பாள். தன் குடும்பத்தில் முதன்முதல் சலங்கை கட்டியவளுக்கு அப்படிச் சொல்ல எவருமில்லை. குறை தன் காலில்தான் என்று நம்பி அவள் சலங்கையைக் கழற்றி வைத்துவிடுவாள்.

இந்தக் கேள்வியை ஓர் இசைக்கருவியை முன்வைத்துப் பார்க்க விரும்புகிறேன். கிதாரும் பேஸ் கிதாரும் வாசிக்கும் மாணவன் ஒருவன் தன் முதல் மாண்டலினை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும்? நம் நுண்கலை மன்றத்து நண்பர்கள் பலருக்கு இந்த ஆசை இருப்பதை அறிவேன். அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "பழகுவதற்குத்தானே? இருப்பதிலேயே மலிவானதை வாங்கு. கை பழகிய பின் நல்லதை வாங்கிக்கொள்ளலாம்." இந்த அறிவுரை தவறு என்பதும், அது நம்மைப் போன்றோரைத்தான் அதிகம் வருத்தும் என்பதும் என் கருத்து. விலை உயர்ந்ததை வாங்கச் சொல்லவில்லை. விலை உயர்ந்தது வேறு, சரியானது வேறு.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் கொத்தனார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பள்ளி நாட்களில் கிதார் பழகி, இப்போது கோயில் திருவிழாக்களில் பாடும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். மாண்டலின் வாங்கியதும் அந்த வருமானத்தில்தான். ஒருமுறை செலவழித்தால் மறுமுறை செலவழிக்க இயலாத பணம் அது. ஆகவே வாங்குமுன் மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

கிதார் வாசிப்பவன் மாண்டலினைக் கையிலெடுத்ததும் முதலில் திகைப்பது சுருதியைக் கண்டுதான். கிதாரில் ஒரு தந்தியை ஷட்ஜமமாகக் கொண்டால் அடுத்த தந்தி சுத்த மத்தியமம். ஓரிடத்தில் மட்டும் அந்தர காந்தாரம். பேஸில் எல்லா இடத்திலும் மத்தியமமே. மாண்டலினிலோ ஒவ்வொரு தந்தியும் முந்தைய தந்திக்குப் பஞ்சமம். மேலை நாட்டு முறையில் வயலினுக்கும் இதே சுருதிதான். பேஸின் நான்கு தந்திகளைக் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி என்கிறோம். மாண்டலினில் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ. நமக்குத் தெரிந்த அதே நான்கு பெயர்கள் தலைகீழாக நிற்கின்றன! விரலுக்கு மனப்பாடமான வடிவங்களும் கவிழ்ந்து போகின்றன. பேஸின் அடி ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மாண்டலினின் மேல் ஈ தந்தி 659 முறை. இடையில் நான்கு ஸ்தாயி, அதாவது 16 மடங்கு.

அடுத்தது அளவு. பேஸில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 86 சென்டிமீட்டர், கிதாரில் 65, மாண்டலினில் 35. ஆகவே தொடக்கத்திலிருந்து முதல் மெட்டு வரை உள்ள இடைவெளி பேஸில் 48 மில்லிமீட்டர் என்றால் கிதாரில் 36, மாண்டலினில் 20 மட்டுமே. ஒரு விரலுக்கு ஒரு மெட்டு என்ற கிதார் வழக்கம் இங்கே செல்லாது. வயலின்காரரைப் போல் ஒரே விரல் இரண்டு மெட்டுகளைக் காக்க வேண்டும். பேஸ் வாசித்த கையோ தந்தியை அழுத்திப் பிடித்தே பழகியது. கடப்பாரை பிடித்த கையால் ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலை இது.

மூன்றாவது, தந்திகள் இரட்டை. எட்டுத் தந்திகள் நான்கு சோடிகளாக நிற்கின்றன. ஆய்வுக்கூடத்தில் சுரமானியும் இசைக்கவையும் கொண்டு விம்மல்களை எண்ணியவர்களுக்கு இதன் தொல்லை புரியும். ஒரு சோடியில் ஒரு தந்தி 440, மற்றது 442 என நின்றால் நொடிக்கு இரண்டு விம்மல்கள் எழும். தனியே கேட்டால் இரண்டும் சரியாகவே தோன்றும். சேர்த்து மீட்டினால் அழும்.

இத்தனை மாற்றங்களையும் ஒருங்கே எதிர்கொள்பவன் கையில் குறையுள்ள கருவியைக் கொடுத்தால் என்னாகும்? பேஸில் குதிரை (பிரிட்ஜ் என்போம்) தன் இடத்திலிருந்து 2 மில்லிமீட்டர் பின்னால் தள்ளியிருந்தால் பன்னிரண்டாம் மெட்டின் சுரம் அரைச்சுரத்தில் நூற்றுக்கு 4 பங்கு இறங்கும். பெரும்பாலான காதுகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். மாண்டலினில் அதே 2 மில்லிமீட்டர் பிழைக்கு ஏறத்தாழ 10 பங்கு இறங்கும். கருவி சிறியதாக ஆகப் பிழை பெரிதாகிறது. மலிவாகச் செய்யும் இடத்தில் இத்தகைய பிழைகள்தாம் கவனிப்பாரின்றி விடப்படுகின்றன.

ஒரு கடையில் நான் எடுத்துப் பார்த்த மாண்டலின் கண்ணைப் பறித்தது. கருஞ்சிவப்பு வண்ணம், ஓரமெல்லாம் வெள்ளைக் கரை. ஆனால் பாதிக்கு மேல் எந்த மெட்டில் அழுத்தினாலும் சுரம் ஒட்டவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன். "நீ கிதார் வாசிக்கிற பிள்ளை. இது புதுசு. பழகப் பழகச் சரியாகிவிடும் தம்பி" என்றார். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! குதிரை பழகுமா? மெட்டு பழகுமா? பழக வேண்டியது நான் என்றால், அந்தப் பிழையான சுரத்துக்கல்லவா என் காது பழக வேண்டும்? அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அவருடைய சொல்லை நம்பி வாங்கிச் செல்லும் ஒருவன் ஆறு மாதம் கழித்து, 'எனக்கு இசை வராது' என்று முடிவு கட்டுவான். அந்தப் பழி கருவியின் மேல் விழாது. அவன் மேல் விழும்.

என் தந்தையார் எந்தச் சுவரையும் பார்வையால் கோணல் என்றோ நேர் என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்த பிறகே பேசுவார். "கண்ணு பொய் சொல்லும், குண்டு சொல்லாதுடா" என்பார். மாண்டலினுக்கும் தூக்குக்குண்டுகள் உண்டு. அவற்றைப் பிடிக்கக் கிதார்க்காரனுக்கு ஏற்கனவே தெரியும் என்பதுதான் நமக்குள்ள நற்பேறு.

ஒன்று, கழுத்து. ஒரு தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். இழுத்த தந்தியைவிட நேரான அளவுகோல் இல்லை. நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே தாள் நுழையும் அளவு சந்து இருந்தால் போதும். மிகுந்த பள்ளமோ, நடுவில் மேடோ இருந்தால் வேண்டாம். 0.28 மில்லிமீட்டர் தடிப்புள்ள மேல் தந்தி ஒன்றின் இழுவிசையைச் சுரமானிச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்; சுமார் 10 கிலோ எடைக்குச் சமமாக வந்தது. எட்டும் சேர்ந்தால் ஒன்றரை மூட்டை சிமெண்டின் பாரம். அதை இரவும் பகலும் சுமப்பது அந்த மெலிந்த கழுத்து.

இரண்டு, பன்னிரண்டாம் மெட்டு. அவ்விடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாயிருக்க வேண்டும். பெரும்பாலான மாண்டலின்களில் குதிரை ஒட்டப்பட்டிராது. தந்தியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும். ஆகவே பிழை இருந்தால் உடனே ஒதுக்கிவிடாமல் குதிரையை நகர்த்தித் தரச் சொல்லுங்கள். சரியானால் கருவி நல்லது. எங்கு நகர்த்தினாலும் சரியாகவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று, ஒவ்வொரு தந்திச் சோடியையும் ஒவ்வொரு மெட்டிலும் ஒருமுறை மீட்டுங்கள். நான்கு சோடி, சுமார் இருபது மெட்டு, எண்பது ஒலிகள், ஐந்து நிமிட வேலை. எங்கேனும் இரைந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பது நலம். நான்கு, சுருதி சேர்த்துப் பத்து நிமிடம் வாசித்து, மீண்டும் சுருதி பாருங்கள். எட்டுத் திருகுகளில் இரண்டு நழுவினாலும் தினமும் பாதி நேரம் அதற்கே போய்விடும்.

இவை நான்கும் தேறிய பிறகே அழகைப் பற்றிப் பேச வேண்டும். மாண்டலினில் மூன்று வடிவங்கள் பரவலானவை. முதுகு குடம் போன்றது இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் வழி வந்தது. பேரிக்காய் வடிவினது 'ஏ' வகை. தோளில் சுருளும் ஓரத்தில் கூர்முனைகளும் உடையது 'எஃப்' வகை. அமெரிக்கக் கிப்சன் நிறுவனத்தில் லாயிட் லோர் பணியாற்றிய காலத்தில், 1922இல் வெளிவந்த எஃப்-5 புகழ் பெற்றது. பில் மன்றோ தம் புளூகிராஸ் இசையை அத்தகைய கருவியில்தான் வாசித்தார். ஆனால் அந்தச் சுருளைச் செதுக்கக் கூலி அதிகமே தவிர, ஒலிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஒரே விலைக்கு ஏ வகையும் எஃப் வகையும் இருந்தால், எஃப் வகையில் நம் பணத்தின் ஒரு பகுதி சுருளுக்குப் போயிருக்கும். ஏ வகையில் அது மரத்துக்கும் மெட்டுக்கும் போயிருக்க வாய்ப்புண்டு. நான் வாங்கியது அலங்காரம் ஏதுமற்ற ஏ வகை. "என்னப்பா, மொட்டையாக இருக்கிறது" என்றனர் குழு நண்பர்கள். இருக்கட்டுமே!

கிதார்க்காரர்களுக்கு இன்னுமொரு சபலம் வரும். மாண்டலினைக் கிதாரின் சுருதியிலேயே கட்டிக்கொண்டால் புதிதாய் எதுவும் கற்க வேண்டாமே என்பது அது. அப்படிச் செய்தால் கிடைப்பது ஒரு சின்னக் கிதார்தான். பஞ்சம முறையில் ஒரே விரலமைப்பை எந்தத் தந்தியிலிருந்தும் தொடங்கலாம் என்ற பெரும் வசதியை இழந்துவிடுவோம். கருவியை மாற்றுவதற்கும் ஒரு நியாயம் வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் வாசித்தார். கர்நாடக இசையின் கமகங்களுக்கு அது தேவைப்பட்டது. அவர் சோம்பலால் மாற்றவில்லை. இசை கேட்டதால் மாற்றினார். கர்நாடக இசையே இலக்கு என்போர் அவர் வழியில் மின் மாண்டலினை நாடட்டும். மற்றவர்க்கு எட்டுத் தந்திக் கருவியே முதற்பாடம் என்பேன்.

"மேதைகள் எதிலும் வாசிப்பார்கள், கருவியைக் குறை சொல்லாதே" என்று சிலர் சொல்லக்கூடும். அந்த மேதைகளின் வரலாற்றைச் சற்று உற்று நோக்குவோம். ஆறு வயது ஸ்ரீநிவாஸ் முதலில் எடுத்தது தம் தந்தையின் மாண்டலினை. மகனின் திறமையைக் கண்ட அத்தந்தை புதிய கருவி வாங்கித் தந்து, தாமே கற்பிக்கவும் செய்தார். லெட் செப்பலின் குழுவின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில் வரும் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாடல், கிதார்க் கலைஞர் ஜிம்மி பேஜ் மாண்டலினை எடுத்து வாசித்துப் பார்த்ததில் பிறந்தது. அக்கருவி யாருடையது? அதே குழுவின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்சுடையது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் தேர்ந்து வைத்திருந்த கருவி அது. ஆக இருவருக்கும், கூடம் கோணலில்லை என்பதை முன்பே பார்த்துவைத்த ஒருவர் அருகில் இருந்தார்.

நம்மில் பலருக்கு அப்படி ஒருவர் வீட்டில் இல்லை. இது மாண்டலினுக்கு மட்டுமன்று. பிழையாக அச்சிட்ட கணக்குக்கு விடை வராதபோது, 'புத்தகம்தான் தவறு' என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத மாணவன் இரவெல்லாம் தன்னையே நொந்துகொள்கிறான். மலிவான கருவியில் தொடங்கு என்னும் அறிவுரை, குறை கண்டு சொல்ல ஆளிருக்கும் வீட்டுக்குப் பொருந்தலாம். நமக்கு, கையில் வரும் முதற்கருவியே உண்மை பேசுவதாக இருக்க வேண்டும்.

எனவே நுண்கலை மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். புதிய கருவி வாங்கப் போகும் இளைய மாணவனைத் தனியே அனுப்ப வேண்டாம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்லட்டும். மன்றத்துக்கென்று விலை குறைந்த, ஆனால் சரியாகச் சீரமைத்த ஒரு மாண்டலினை வாங்கி வைப்போம். கடையில் ஒன்றை எடுத்துப் பார்க்குமுன், சரியானது கைக்கு எப்படி இருக்கும் என்று அவன் அதில் தொட்டு அறியட்டும். பிறகும் சுரம் வரவில்லை என்றால் அப்போது சொல்லலாம், இன்னும் பழகு தம்பி என்று. அந்தச் சொல்லில் அப்போதுதான் நேர்மை இருக்கும்.